அரிப்பு அடங்கிவிட்டது, படை அடங்கவில்லை

வணக்கம் நேயர்களே. படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற அந்தச் சின்ன ட்யூப் உங்கள் வீட்டிலும் எங்காவது கிடக்கும். இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான், அதில் கலந்திருக்கும் ஸ்டீராய்டைப் பற்றித்தான். படர்தாமரை, அதாவது படை, தோலில் பூஞ்சை பிடிப்பதால் வருவது.

ஒரு பெரியவர் வந்தார். கைக்குட்டையில் மடித்து ஒரு ட்யூப், அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிவரை பிதுக்கியது. "தடவினா ரெண்டே நாள்ல அடங்கிடுதுங்க டாக்டர், விட்டா திரும்ப வந்துடுது" என்றார். வேட்டி முடிச்சுப் போடும் இடத்தில் தொடங்கியது முதுகு வரை போயிருந்தது. படைக்கே உரிய அந்த வட்ட ஓரத்தைக் காணோம். மாறுவேடம் போட்ட படை என்ற பொருளில் 1968-லேயே இதற்கு மருத்துவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

என்ன நடக்கிறது? இன்சுலின் போன்ற ஹார்மோன் செல்லின் வாசலில் நின்று குரல் கொடுக்கும். உள்ளே இருப்பவர்கள் செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். ஸ்டீராய்டோ கொழுப்பில் கரையும் சரக்கு. செல்லின் சவ்வும் கொழுப்புதானே, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்விடும். அங்கே அதைப் பிடித்துக்கொள்ள அதற்கென்றே ஒரு புரதம், ஏற்பி என்று பெயர், காத்திருக்கும். இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று உத்தரவு போடும். அரிப்பையும் சிவப்பையும் கிளப்புகிற செய்திகள் நின்றுபோகும்.

திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். குரைத்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டோம். திரும்பவும் சொல்கிறேன், பூஞ்சை உள்ளேயே இருக்கிறது. அதே ட்யூபில் பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும். கூடவே இருக்கும் க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, மென்மையான ஸ்டீராய்டான சாதாரண ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. தோலின் காவலையே அது தளர்த்திவிடுகிறது.

ஸ்டீராய்டைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டார்கள். எக்சிமா என்ற அரிப்புத் தோல் நோயோடு போராடியவர்களுக்கு அது பெரிய விடிவு. ஆனால் அதே உத்தரவு, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் தயாரிப்பையும் குறைக்கும். தோல் வெங்காயச் சருகாக மெலியும். பெரியவரின் இடுப்பில், பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதைப் போலச் சிவப்புக் கோடுகள். படை போனாலும் அந்தத் தழும்பு போகாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். முகம் வெளுக்க இதைப் பூசுகிறவர்களுக்குத்தான் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: முகத்துத் தோல் இதை முன்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். மாதக்கணக்கில் பூசியவர்கள் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் பொங்கும். தோல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். அப்புறம் அளவு: டாக்டரே எழுதிக் கொடுத்தாலும், ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். வணக்கம்.