பல்லைத் தொடுவதற்கு முன்னால் கடியைத் திரையில் பார்ப்பது எப்படி?

வாயை மூடிப் பல்லோடு பல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியே தாடையை மெதுவாக வலது பக்கம் நகர்த்துங்கள். எந்தப் பல் உரசுகிறது என்று கண்ணாடி பார்க்காமலே தெரிகிறது, இல்லையா? பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் நார்த்திசுதான் காரணம், நடுவில் ஒரு முடி சிக்கினால்கூட அதற்குத் தெரிந்துவிடும்.

தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துப் பாதி தேய்ந்துபோன ஒருவருக்கு மொத்தக் கடியையும், அதாவது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சேரும் விதத்தையே, திரும்பக் கட்ட வேண்டும் என்றால், அந்த உணர்வுக்கு ஒத்துப்போகிற மாதிரி கட்ட வேண்டும். எனாமல் திரும்ப வளராது, அதனால் பல்லை வெட்டிவிட்டு யோசிக்க முடியாது, முதலில் கணினித் திரையில் கட்டிப் பார்க்க வேண்டும்.

(திரையில்: மேல் தாடை, கீழ்த் தாடை, முப்பரிமாணத்தில்)

முதலில் வாய்க்குள் ஸ்கேனர். அப்புறம் எலும்பையும் தாடை மூட்டையும் காட்டும் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே, முகத்தின் படம். மூன்றிலும் தெரிகிற பற்களை அடையாளமாக வைத்து மென்பொருள் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. தாடை அசைவைப் பதிவு செய்யும் கருவியும் இருந்தால், அவர் மெல்லுகிற விதமே திரையில் ஓடும்.

(திரையில்: கீழ்த் தாடை மெல்லத் திறக்கிறது)

இதைக் கவனியுங்கள். தாடையின் கீல் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கதவு மாதிரி. முன்பற்களில் 3 மி.மீ. திறந்தால் கடைவாய்ப் பற்களில் சுமார் 1 மி.மீ.தான் திறக்கும். அந்த 1 மி.மீ. சின்ன விஷயமில்லை, சிர்கோனியா என்ற உறுதியான பீங்கானில் செய்யும் கிரீடத்துக்கு (பல்லின் மேல் மாட்டும் உறைக்கு) தேவையான தடிமனில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும், அந்த அளவுக்கு நல்ல பல்லை அராவாமல் தப்பிக்கலாம். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்: கடியின் உயரத்தைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டிப் பார்க்கலாம், ஒரு பல்லுக்கும் சேதம் இல்லை.

சரி, எங்கே தவறும்? கடியைப் பதிவு செய்யும்போதுதான். களைத்த தசையோடு ஒருவர் தாடையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கடித்தால், கணினி அதையே சரியான கடி என்று எடுத்துக்கொள்ளும், மேலே போடுகிற திட்டம் முழுக்க அந்தக் கோணலிலேயே நிற்கும். தசையைத் தளரவிட்டு, மூட்டு நிலையாக உட்காரும் இடத்தைப் பிடிப்பது இன்னும் மருத்துவரின் கைப்பழக்கம்தான். முழு வரிசையையும் ஸ்கேன் செய்யும்போது படங்களை ஒட்டிக்கொண்டே போவதால், சின்னச் சின்னப் பிழை சேர்ந்து கடைசிப் பல்லில் பெரிதாகும். அதையும் வாயில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அதனால் நேராகப் பீங்கானுக்குப் போகாதீர்கள். திட்டத்தை முதலில் அக்ரிலிக்கில் கடைந்து, தற்காலிகப் பல்லாக ஒட்டிச் சில வாரமாவது வாழ்ந்து பார்க்க விடுவார்கள். உயரம் கூடிவிட்டால் 'ஸ' சொல்லும்போதே பற்கள் டக்கென்று மோதும், காலையில் கன்னத் தசை வலிக்கும். வலிக்கிற இடத்தைத் திருத்தி, ஒத்துவந்த பிறகு அந்தத் தற்காலிகப் பல்லையே ஸ்கேன் செய்து, அதே வடிவில் நிரந்தரப் பல் செய்வார்கள். அப்போதும் வண்ணக் கடித்தாள் வேண்டும். பல் எங்கே படுகிறது என்று அது காட்டும், எது முதலில் படுகிறது, அழுத்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை டி-ஸ்கேன் போன்ற சென்சார் காட்டும்.