படியேறும் நெஞ்சுக்கு அறுவையே!

நடுவர் ஐயா அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். தொடக்க நிலை நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்றது அறுவையா, குறிபார்த்துப் பாய்ச்சும் கதிரா என்பது தலைப்பு. எங்கள் அணி அறுவைக்கு.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், மூன்று தடவை வந்து படுத்தால் கரண்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள் என்றார். சரி. தடவைக்கு 18 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), மொத்தம் 54 கிரே. கட்டி பெரும்பாலும் அடங்கும். புற்றுநோய் பரவிப் போய் ஒதுங்கும் பக்கத்து நிணநீர் முடிச்சில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

நோய் உள்ள இடத்தை மின்னிக் காட்டும் பெட் ஸ்கேன் சுத்தம் என்று சொன்ன பிறகும், முதல் நிலை என்று அறுவைக்கு வருபவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு முடிச்சில் நோய் ஒளிந்திருக்கும். ஒழுங்கான அறுவையில் நடுநெஞ்சில் குறைந்தது மூன்று இடங்களிலிருந்தும் நுரையீரல் வேரிலிருந்தும் முடிச்சுகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நோய் தெரிந்தால் கீமோ. கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், நோயின் நிலையைப் பார்த்து அதைக் குறிவைக்கும் ஆசிமெர்டினிப் மாத்திரை. அறுவைக்குப் பின் அதைச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 88 சதவீதம், சாப்பிடாதவர்களில் 78 என்று 2023-ல் முடிவு வந்தது. கதிர் மட்டும் வைத்தவரிடம் பரிசோதிக்க முடிச்சு ஏது?

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. பழைய டிபி தழும்பும் பெட் ஸ்கேனில் மின்னக்கூடும். சதை எடுத்துப் பார்க்காமல் கதிர் வைத்தால், டிபிக்கே கரண்ட் வைத்த கதையாகிவிடும்!

பாதி நுரையீரல் போய்விடும் என்று பயமுறுத்தினார். நுரையீரல் மடல் மடலாகப் பிரிந்திருக்கும்: வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. எடுப்பது வழக்கமாக ஒரு மடல். கட்டி 2 செ.மீ. அளவுக்குள், நுரையீரலின் ஓரத்தில் இருந்தால் மடலில் ஒரு துண்டே போதும். 2022-ல் வந்த ஜப்பான் ஆய்வில் துண்டு மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தார்கள். முழு மடல் எடுத்தவர்களில் 91.1. அதே இடத்தில் நோய் திரும்புவது துண்டு முறையில் கூடுதல்தான், அதையும் மறைக்கவில்லை.

அறுவைக்குப் பின் நுரையீரலில் காற்றுக் கசிந்தால், அதை வெளியேற்ற நெஞ்சில் வைத்த குழாய் ஐந்து நாளைத் தாண்டியும் இருக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஒப்புக்கொள்கிறோம். கதிர் மட்டும் சாதுவா? கட்டி நடுநெஞ்சின் பெரிய மூச்சுக்குழாய்களிலிருந்து 2 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால் அந்த 54 கிரேயை மூன்றே தடவையில் கொடுப்பது ஆபத்து என்று 2006-லேயே தெரிந்தது. விலாவை ஒட்டியிருந்தால் எலும்பு முறியலாம். பிறகு ஸ்கேனில் தெரிவது தழும்பா, திரும்பிய நோயா என்று மாதக்கணக்கில் குழப்பம்.

2015 ஆய்வில் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் கதிரில் 95 சதவீதம், அறுவையில் 79 என்று எதிரணித் தம்பி சொன்னாரே, அது மொத்தம் 58 பேர் கணக்கு. ஆள் சேராமல் பாதியில் நின்ற இரண்டு ஆய்வுகளை ஒட்டிவைத்தது.

மூச்சுத் திறன் குறைந்தவரை உங்களுக்கே விட்டுத்தருகிறோம். நிற்காமல் 22 மீட்டர் உயரம் படியேறினால் அறுவை தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. குன்றக்குடி மலைக்கு மூச்சிரைக்காமல் ஏறுகிறவரையும் படுக்கவைத்துக் கரண்ட்தான் வைப்பீர்களா? அடுத்து வருகிற தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.