ஒற்றைக் கையா, பற்றிய கைகளா?

[திரையில்: வாக்குச்சீட்டு ஒன்று, மிக அருகில்]

இந்தச் சீட்டைப் பாருங்கள். ஒரு படத்தில் இரு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. இன்னொன்றில் ஒரே ஒரு கை, விடைபெறுவதுபோல் உயர்ந்திருக்கிறது. எழுத்தறியாதவர்களே மிகுதி என்பதால் படம் பார்த்து விரல் ரேகை பதிக்க ஏற்பாடு. சூடானிலிருந்து பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று முடிவு செய்ய 2011 ஜனவரியில் தெற்கு சூடான் மக்கள் பதித்தார்கள். பிரிவைக் குறித்த ஒற்றைக் கைக்கு 98.83 விழுக்காடு. சேர்ந்தே இருப்போம் என்றவர்கள் 45 ஆயிரம் பேர்கூட இல்லை.

நான் அங்கே பிறந்திருந்தால் என் விரலும் ஒற்றைக் கையின்மேல்தான் விழுந்திருக்கும். 1983இல் வடக்கே தலைநகர் கார்ட்டூமில் இருந்த சூடான் அரசு தெற்கின் தன்னாட்சியைக் கலைத்தது. ஷரியா சட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. அதற்குப் பிந்தைய 22 ஆண்டுப் போரில் சுமார் 20 லட்சம் பேர் மாண்டார்கள். இதற்குப் பிறகும் ஒற்றுமை பேசச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் ஒருவர் பேசினார். அதுவும் தெற்கின் தரப்பில் அந்தப் போரை நடத்தியவரே.

[திரையில்: ஜான் கராங், ராணுவ உடையில்]

கராங் கேட்டது தனிநாடு அல்ல, 'புதிய சூடான்'. எல்லா இனத்தாரும் சமமாக வாழும் ஒரே நாடு. அவருடைய படையில் பலருக்கே இது பிடிக்கவில்லை. போரை முடித்த உடன்பாட்டின்படி 2005 ஜூலை 9 அன்று சூடானின் முதல் துணை அதிபரானார். மூன்றே வாரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். சரியாக ஆறு ஆண்டு கழித்து, அதே ஜூலை 9இல், அவருடைய சமாதி இருக்கும் திடலில்தான் தனிநாட்டுக் கொடி ஏறியது. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் வருகிறது, நெஞ்சில் ஏதோ உறுத்தவும் செய்கிறது.

[திரையில்: வரைபடம், நைல் கரை]

நைல் கரையில் ஓர் ஊர், பெயர் போர். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரே போதும். 1991இல் கராங்கின் விடுதலை இயக்கம் உடைந்தபோது, பிரிந்துபோன ரியெக் மச்சார் தரப்புப் படையினர் அங்கே டிங்கா இனத்தவரைக் கொன்று குவித்தார்கள். எதிரி கார்ட்டூமில் இருக்க, விழுந்த பிணங்கள் உள்ளூர்ப் பிணங்கள். பிறகு மச்சார் இயக்கத்துக்குத் திரும்பினார். புதிய நாட்டில் துணை அதிபரும் ஆனார். பழைய கணக்கை யாரும் தீர்க்கவில்லை, பாயின் அடியில் தள்ளிவிட்டார்கள். 2013 ஜூலையில் அதிபர் சல்வா கீர் அவரைப் பதவி நீக்கினார். டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் துப்பாக்கிச் சத்தம். கீர் டிங்கா இனம், மச்சார் நுவேர் இனம். டிங்கா, நுவேர் என்று இனம் பார்த்துக் கொலை. அடுத்த ஐந்தாண்டில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது ஒரு மதிப்பீடு.

எண்ணெய்க் கதை சுருக்கமானது. கிணறுகளில் பெரும்பகுதி தெற்கில். குழாயும் துறைமுகமும் வடக்கில். பாகம் பிரித்த வீட்டில் கிணறு ஒருவனுக்கு, அதற்குப் போகும் வழி மற்றவனுக்கு.

"பார்த்தீர்களா, பிரிந்திருக்கவே கூடாது" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேர்ந்திருந்த காலம் என்ன கொழித்தது? 2023இல் வடக்கு சூடானே தனக்குள் அடித்துக்கொள்ளத் தொடங்கியதே. என் சங்கடம் வேறு. எதிலிருந்து விடுதலை என்று கேட்டால் அந்த இயக்கத்தில் எல்லோருக்கும் பதில் இருந்தது. யாருடைய ஆட்சி, யார் கேள்வி கேட்பது என்பதற்குத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டுமே பதில் சொன்னார்கள்.

[திரையில்: மீண்டும் அதே வாக்குச்சீட்டு]

சுதந்திர நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 2015இல் நடந்திருக்க வேண்டும். தள்ளிவைத்தார்கள். பலமுறை தள்ளிவைத்தார்கள். 2024இல் மறுபடி தள்ளியபோது 2026 டிசம்பரைக் குறித்தார்கள். 2011இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 15 வயது; அதன் தாய் கடைசியாக விரல் பதித்தது இந்தச் சீட்டில்தான்.