‘பஸ்’ என்றால் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 44. நீளம் சுமார் 3,700 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாலும், ஓய்வு நாட்களைச் சேர்த்தால் ஒன்றரை மாதம் ஆகிவிடும். வழியில் முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் தருவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், படுக்க இடம் காட்டுவார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர்கள் செய்ய வரும் உதவி நம் சைக்கிளுக்குப் பொருந்துமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பஞ்சரை எடுத்துக்கொள்வோம். சாலையோரத்தில் ஓட்டும்போது, வெடித்துச் சிதறிய லாரி டயரின் கம்பித் துணுக்குகள்தான் அதிகம் குத்தும். மயிரிழை மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தட்டுப்படாது. டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் காற்று இறங்கும். கொஞ்சம் பஞ்சை உருட்டி டயரின் உட்புறம் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கிக்கொள்ளும்.

காற்றடிப்பதில்தான் அடுத்த சிக்கல். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருக்கும். அதன் வாய், பைக், கார், லாரிகளில் உள்ள பருமனான வால்வுக்கு ஆனது. நெடுந்தூர சைக்கிள் பலவற்றில் இருப்பதோ பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையில் உள்ளது இதில் மாட்டாது. நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்று போதும், ஆனால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். வால்வு நுனியில் உள்ள குட்டித் திருகை முதலில் தளர்த்திவிட்டு அடாப்டரைத் திருக வேண்டும். தளர்த்த மறந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே போகாது.

லாரி டயரில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் காற்றடிப்பார்கள். சுமையோடு போகும் 35 மில்லிமீட்டர் சைக்கிள் டயருக்குப் பின்னால் 60, முன்னால் 50 போதும். கம்ப்ரசரை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் டியூப் வெடித்துவிடும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள். ஐதராபாத்தைத் தாண்டியபின் ‘போதும்’ என்பதற்கு ‘பஸ்’ என்றால் போதும். நம் ஊர் பஸ் இல்லை, இது இந்தி.

கிராமத்துக் கடையில் கிடைக்கும் டியூபின் வால்வு தடிமனானது. ஒல்லி வால்வுக்கென்று துளையிட்ட ரிம்மில் அது நுழையாது. ஆகவே புதிதாகச் சக்கரம் கட்டுகிறவர்கள் பெரிய துளையுள்ள ரிம்மையே கேட்டு வாங்குவது நல்லது. ஒல்லி வால்வு டியூபையும் சிறு வளையம் போட்டு அதில் பொருத்திக்கொள்ளலாம்.

போக்ஸ் கம்பி உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கம். சுமையும் அங்கேதான், கம்பியின் இழுவிசையும் அந்தப் பக்கம்தான் அதிகம். புதுக் கம்பி கோக்கப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான பல்வெட்டிய சாவி சாலையோரக் கடையில் இருக்காது. சாவியைத் திருப்பப் பெரிய ஸ்பேனரும், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளப் பழைய செயின் துண்டும் அங்கேயே கிடைக்கும். அந்தச் சாவியையும் சரியான நீளத்தில் நாலு கம்பியையும் மட்டும் நீங்கள் கொண்டுபோனால் மீதியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். கோட்டம் எடுக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். ரிம் ஓரத்தில் ஒரு சாக்குக்கட்டியைப் பிடித்துச் சுற்றிவிட்டு, கறை விழுந்த இடத்தை மட்டும் திருகித் திருகி நேராக்கும் அந்தக் கை, நகரத்து ஷோரூம்கள் பலவற்றில் இல்லை.

கேரியர் இரும்பாக இருக்கட்டும். உடைந்தால் எந்த லாரிப் பட்டறையிலும் பற்றவைத்துக் கொடுப்பார்கள், பல இடங்களில் கூலிகூட வாங்க மாட்டார்கள். அலுமினியம் என்றால் சாதாரண வெல்டிங்கில் ஒட்டாது. பற்றவைக்கும் முன் கேரியரைச் சைக்கிளிலிருந்து கழற்றிவிடுங்கள், தீப்பொறி டயரைப் பதம் பார்த்துவிடும்.

ஒரு உதவியை மட்டும் பணிவாகத் தடுக்க வேண்டும். செயின் வறண்டிருக்கிறதே என்று பழைய இஞ்சின் ஆயிலை ஊற்ற வருவார்கள். செயினில் ஊற்றினாலே மண் ஒட்டித் தேயும். டிஸ்க் பிரேக்கில் ஒரு சொட்டு பட்டாலோ பிரேக் பிடிக்காது, பிரேக் கட்டையை மாற்றத்தான் வேண்டும்.

வழி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. “இது நாக்பூர் வழியா?” என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிக் கைவிட மனமில்லாமல் பலர் தலையாட்டிவிடுவார்கள். “யே ராஸ்தா கஹா ஜாதா ஹை?”, இந்த வழி எங்கே போகிறது என்று கேளுங்கள். பதிலில் நாக்பூர் வருகிறதா என்று பாருங்கள்.

தங்க இடம் கேட்பதைப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே தொடங்குங்கள். இருட்டியபின் வந்து நிற்கும் அந்நியரைப் பார்த்து வீட்டுக்காரர் தயங்குவது நியாயம்தானே? வீட்டைக் கேட்காமல் இடத்தைக் கேட்டால் அவருக்கும் சங்கடமில்லை. பெட்ரோல் பங்கில் வெளிச்சம், தண்ணீர், கழிப்பறை மூன்றும் உண்டு, மேலாளரிடம் கேட்க வேண்டும். வடக்கே தாபாக்களில் சாப்பிட்ட லாரிக்காரர்களுக்குக் கயிற்றுக் கட்டில் தருவது நெடுநாள் பழக்கம். சைக்கிளைக் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம். நாக்பூரைத் தாண்டி சிவனி வரை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டுப் பகுதி. அங்கே இருட்டில் ஓட்டுவது முட்டாள்தனம், பகலிலேயே கடந்துவிடுங்கள்.

யாராவது மினி லாரியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றால் சைக்கிளைக் கியர் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். கயிறு சட்டத்தில்தான் விழ வேண்டும், போக்ஸ் கம்பியிலோ டிஸ்க்கிலோ கட்டக் கூடாது. பணம், ஆவணம் உள்ள பை மட்டும் உங்கள் மடியில் இருக்கட்டும்.

பஞ்சாபுக்குள் நுழைந்துவிட்டால் சீக்கியர்களின் கோயிலான குருத்வாரா இருக்கிறது. செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையைத் துணியால் மூடி உள்ளே போக வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. தங்க வேண்டுமென்றால் அங்கு சேவை செய்யும் சேவாதாரிடம் கேளுங்கள். லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரோடும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்குவார்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். யாரும் காசு கேட்க மாட்டார்கள், மனமிருந்தால் உண்டியலில் போடலாம். சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரம் துலக்கும் இடம் எங்கே என்று கேளுங்கள். அங்கே உங்களுக்கும் ஒரு இடம் விடுவார்கள்.