அஃபர்வட்டில் ஒரு குழி: புதுப்பனிக்கு அடியில் என்ன இருக்கிறது?

வணக்கம் நண்பர்களே. மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரின் குல்மார்க்கில், அஃபர்வட் மலைமேல் நிற்கிறேன். கோண்டோலாவின், அதாவது கம்பிவட ஊர்தியின், இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து முகட்டோரமாக இருபது நிமிடம் நடந்து வந்தோம். மூன்று நாள் கொட்டிய பனி நேற்றிரவுதான் ஓய்ந்தது. எதிரே இருக்கும் சரிவைப் பாருங்கள், ஒரு தடம்கூட இல்லை. பார்த்த மாத்திரத்தில் கால் துறுதுறுக்கிறது. ஆனால் இன்று அதில் சறுக்கி இறங்கப் போவதில்லை. பனிச்சரிவு பயம்தான். ஏன் என்று காட்டுகிறேன்.

அந்தக் கயிறு தெரிகிறதா? அதற்கு அப்பால், கோண்டோலாவை ஒட்டிய சரிவில், பனிச்சறுக்குக் காவல் குழுவினர் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். கயிற்றுக்கு இப்பால் அந்த வேலை நடப்பதில்லை.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். எங்கள் வழிகாட்டி தோண்டிய குழி இது. மலையடிவார ஊரான தங்மார்க்கைச் சேர்ந்தவர், சிறு வயதிலிருந்தே இந்த மலையில் சறுக்குபவர். அந்தப் பெரிய சரிவு பார்க்கும் அதே திசையில், சரிந்தாலும் ஆபத்தில்லாத சின்ன மேட்டில் தோண்டியிருக்கிறார். மேலே புதுப்பனி. அதன்கீழ் காற்று அடித்து இறுக்கிய கெட்டியான அடுக்கு, விரல் நுழைய மறுக்கிறது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இருப்பதைப் பாருங்கள். கைமுட்டியை வைத்து அழுத்தினால் அப்படியே உள்ளே போகிறது. கையில் அள்ளினால், இதோ, பரல் பரலாகச் சர்க்கரைபோல விரலிடுக்கில் வழிகிறது. கறுப்புக் கையுறையில் வைத்தால் ஒவ்வொரு மணியிலும் பட்டைகள் தெரிகின்றன. எவ்வளவு பிடித்தாலும் உருண்டையாகாது.

இது டிசம்பரில் விழுந்த பனி. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்பார்கள். அப்போது நிலத்தில் மெல்லிய பனி மட்டும் கிடந்து, வானமும் தெளிவாக இருந்தால் தொல்லை தொடங்குகிறது. பனியின் அடிப்பாகம் நிலச்சூட்டால் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி நிற்கும். மேற்பரப்போ மைனஸ் பத்துக்கும் கீழே போகும். இடையில் இருப்பது முப்பது, நாற்பது சென்டிமீட்டர்தான். அந்த வித்தியாசத்தால் அடிப்பனி ஆவியாகி மேலேறி, இந்தப் பட்டை மணிகளாக உறைகிறது. பிப்ரவரியில் கனத்த பனி இதன்மேல் வந்து உட்கார்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த மணிகள் அதைத் தாங்காமல் நொறுங்கினால் பனிச்சரிவுதான்.

2024 ஜனவரியின் முதல் பாதியில் குல்மார்க் ஏறக்குறைய பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தது நினைவிருக்கிறதா? பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. 22ஆம் தேதி நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, பிப்ரவரி 1 அன்று, இதே அஃபர்வட்டில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்த பிறகு எனக்கு இந்த மலையின் அழகு மட்டும் கண்ணில் படுவதில்லை.

இனி சோதனை: அந்த அடிப்பனி எவ்வளவு எளிதில் உடைகிறது என்று பார்ப்போம். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பனித்தூணை அறுத்து, ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எண்ணுங்கள்... பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பார்த்தீர்களா! தட்டியது ஓரத்தில், விரிசல் மறுமுனைவரை ஓடிவிட்டது. மேலடுக்கு முழுவதும் பலகைபோல நழுவி என் மடியில் விழுந்தது. நெஞ்சு படபடக்கிறது.

வரும் வழியில் காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டதே, அதுவும் இந்த அடுக்கு நொறுங்கியதுதான். எதிர்ச்சரிவைக் கைபேசியால் அளந்தேன்: 36 டிகிரி. இப்படிப் பலகையாக நழுவும் பனி பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் கிளம்புகிறது; நமக்குச் சறுக்கப் பிடித்த சரிவும் அதேதான். பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையில் கட்டாயம் பாருங்கள். ஆனால் அது மாவட்டம் முழுமைக்குமானது. இந்த ஒரு சரிவின் அடியில் சர்க்கரை இருப்பதை அது உங்களுக்குச் சொல்லாது.

“டிரான்ஸீவர் இருக்கிறதே” என்று பலர் எழுதுகிறீர்கள். பனியில் புதைந்தவரை சிக்னல் மூலம் கண்டுபிடிக்க உதவும் கருவி அது. எல்லாரிடமும் அது இருக்க வேண்டும். துழாவும் கம்பியும் மண்வெட்டியும் கூடவே வேண்டும். போன வாரம் ஒரு வாடகைக் கடையில் எனக்குத் தந்த கருவியில் பாட்டரி பாதிக்கும் கீழே இருந்தது. கேட்டுத்தான் மாற்றினேன். நீங்களும் அங்கேயே போட்டுப் பாருங்கள். ஆனால் புதைந்தவருக்கு இருப்பது முதல் பத்து, பதினைந்து நிமிடம். நின்றுபோன பனி சிமென்ட்போல இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. தோண்டி எடுக்கக் கூட இருப்பவர்களை விட்டால் ஆளில்லை. தயவுசெய்து தனியாகக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

வழிகாட்டி கூப்பிடுகிறார். குழியை மூடிவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி, கயிற்றுக்கு அந்தப் பக்கமாக இறங்குகிறோம். கேமராவை அணைக்கிறேன், மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.