மில்டன் ஃப்ரீட்மன்: மூன்றில் ஒரு பங்கு பணம் எங்கே போனது?

[திரையில்: நியூயார்க், மூடிய வங்கி வாசலில் கூட்டம்]

1930 டிசம்பர் 11. நியூயார்க்கில் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' கதவை மூடியது. பெயரைக் கேட்டு அரசு வங்கி என்று நினைக்க வேண்டாம். அது தனியார் வங்கி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் அதே வழியில் போயின.

பின்னாளில் புகழ்பெற்ற பொருளாதார அறிஞரான மில்டன் ஃப்ரீட்மன் அப்போது ரட்கர்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர். காப்பீட்டுத் துறையில் கணக்கு போடும் வேலைக்குப் போக நினைத்தவரைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பியது அந்தக் காலத்துப் பெரும் பொருளாதார மந்தம்தான். 1963-ல் அன்னா ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து எழுதிய அமெரிக்கப் பண வரலாற்றில் அவர் காட்டிய கணக்கு இது: 1929-க்கும் 1933-க்கும் இடையே நாட்டிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் போனது.

யாரும் நோட்டைக் கொளுத்தவில்லை. பிறகு எப்படி?

[திரையில்: பெட்டகம் 100, கடன் 900]

பணம் என்பது கையிலுள்ள நோட்டும் வங்கி டெபாசிட்டும் சேர்ந்தது. எல்லா வங்கிகளையும் ஒரே வங்கியாகப் பாருங்கள். டெபாசிட் 1,000 டாலர். அதில் 10 சதவீதம், அதாவது 100 டாலர், பெட்டகத்தில் இருக்கிறது. 900 கடனாகப் போயிருக்கிறது. பயந்த மக்கள் 50 டாலரை எடுக்கிறார்கள். பெட்டகத்தில் மிச்சம் 50. 10 சதவீதக் கணக்கில் அது 500 டாலர் டெபாசிட்டைத்தான் தாங்கும். ஆகவே 450 டாலர் கடனை வங்கி திரும்ப வாங்கியாக வேண்டும். கடனாளிகள் அதைத் தங்கள் டெபாசிட்டிலிருந்து கட்டுவதால், டெபாசிட்டும் அதே அளவு குறையும். முடிவில் கையில் 50, வங்கியில் 500. ஆயிரமாக இருந்த பணம் 550 ஆகிவிட்டது.

இதைத் தடுக்கும் கருவி மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விடம் இருந்தது: கடன்பத்திரங்களை வாங்கி, வங்கிகளின் பெட்டகத்தை நிரப்புவது. 1931 அக்டோபரில் அது செய்தது நேர்மாறு. தங்கம் வெளியேறுகிறது என்று பயந்து, வட்டியை 1.5-லிருந்து 3.5 சதவீதமாக ஏற்றியது. மந்தத்துக்குச் சந்தையை மட்டுமே குற்றவாளியாக்கியவர்களுக்கு ஃப்ரீட்மன் கொடுத்த வலுவான பதில் இதுதான்.

[திரையில்: பணம் × வேகம் = மொத்தச் செலவு]

அவர் எழுதிக்கொடுத்த மருந்து வேறு கதை. பணத்தின் அளவை ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் மட்டும், நிலையாகக் கூட்டுங்கள் என்றார். பணம் கைமாறும் வேகம் பெரிதாக மாறாது என்பது அதன் அடிப்படை. 100 டாலர் 5 முறை கைமாறினால் செலவு 500. பணத்தை 104 ஆக்கியும் வேகம் 4-க்கு இறங்கினால் செலவு 416 தான். விதியைக் கடைப்பிடித்தபடியே மந்தத்தில் விழலாம்.

1979 அக்டோபரில் ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பால் வோல்க்கர் பணத்தின் அளவைக் குறியாக வைத்தார். 1980 மார்ச்சில் 14.8 சதவீதமாக இருந்த விலையேற்றம் இறங்கியது உண்மை. ஆனால் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. அதே சமயம், வட்டி தரும் புதுவகைக் காசோலைக் கணக்குகள் வந்து, எதைப் பணம் என்று எண்ணுவது என்பதே குழம்பியது. வேகமும் சரிந்தது. 1982-ல் அந்தக் குறி கைவிடப்பட்டது. தான் வலியுறுத்திய அந்த முறை வெற்றி பெறவில்லை என்று 2003-ல் ஃப்ரீட்மனே ஒப்புக்கொண்டார். 90 வயதில் அப்படிச் சொல்ல நேர்மை வேண்டும்.

நோய்க்கணிப்பு மட்டும் நிலைத்தது. 2002-ல் அவரது 90-வது பிறந்தநாள் விழாவில், ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர்களில் ஒருவராக இருந்த பென் பெர்னான்கி, அதன் சார்பில் 1930-களின் தவறை ஒப்புக்கொண்டார். இனி நடக்காது என்றார். 2008-ல் நிதி நெருக்கடி வந்தபோது ஃபெடரல் ரிசர்வின் தலைவர் அவர்தான். இந்த முறை பணத்தை உள்ளே விட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் ஃபெடரல் ரிசர்வின் சொத்துக் கணக்கு சுமார் 90,000 கோடி டாலரிலிருந்து 2 லட்சம் கோடியைத் தாண்டியது. அதைப் பார்க்க ஃப்ரீட்மன் இல்லை. 2006 நவம்பர் 16-ல் காலமாகியிருந்தார்.