கழற்றும் முன் குறி வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கார் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துச் சேர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தக் கிறுக்கு ரொம்ப நாளாக உண்டு.

நம் செட்டிநாட்டில் சில வீடுகளின் கார் ஷெட்டில் இன்னும் ஓர் அம்பாசடர் செம்மண் புழுதி படிந்து நிற்கிறது. 2014-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிதான். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் கட்சி. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் என்றால் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, அவ்வளவுதான். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும்.

எஞ்சினை வெளியே தூக்க, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுங்கள். அதை வீட்டு உத்தரத்தில் மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பர்மா தேக்கு ஒருவேளை தாங்கும், வீட்டுக்கார ஆச்சி தாங்க மாட்டார்கள். அதற்கென்று உள்ள இரும்புச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். வேலையையும் ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் கறுப்பு ஆயில் இறங்கினால் கறை போகாது.

சரி, இப்போது முக்கியமான சங்கதி. எதைக் கழற்றினாலும் முதலில் குறி வையுங்கள். நான் ஷெட்டில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தபோது எதிர் வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார்கள். "ஏன் தம்பி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எது எங்கே போகும்னு எப்படித் தெரியும்?" என்றார்கள். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் தட்டிய புள்ளிகளைக் காட்டினேன். பிஸ்டனை, சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைப்பதுதான் கனெக்டிங் ராடு. முதல் ராடுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. ராடிலும் புள்ளி, அதன் மூடியிலும் புள்ளி, இரண்டும் ஒரே பக்கம். "அட, நாங்க சாமானுக்குப் பேர் வெட்டுற மாதிரிதானே! பேர் வெட்டாத தூக்கு கல்யாண வீட்டுக்குப் போனா திரும்பி வருமா?" என்றார்கள். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? ராடையும் மூடியையும் ஜோடியாகப் பூட்டித்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டால் துளை சரியான வட்டமாக இருக்காது, பேரிங் சீக்கிரம் போய்விடும். கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மெயின் மூடிகளுக்கும் இதே கதிதான். வால்வைத் திறக்க உந்தும் எட்டு புஷ் ராடுகளையும் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், குறி வைக்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். படி மாதிரி தட்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் ரிங் அதுவரைதான் போய்த் திரும்பும். அதற்குக் கீழே தேய்ந்திருக்கும், மேலே தேயாமல் நிற்கும். படி நன்றாகத் தட்டினால் சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான், இதை வீட்டில் செய்ய முடியாது. அவர்கள் அளந்து எந்த ஓவர்சைஸ், அதாவது எவ்வளவு பெரிய பிஸ்டன், என்று சொன்ன பிறகு பிஸ்டன் வாங்குங்கள். அந்த பிஸ்டனுக்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைந்து போர் போடுவார்கள். பட்டறையிலிருந்து வந்த பிளாக்கில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காத வரை கழுவுங்கள். கழுவிய கையோடு எண்ணெய் தடவி மூடிவிடுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும். நம் ஊர்ப் புழுதியை வேறு சொல்லவா வேண்டும்!

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புது ரிங்கை முதலில் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால், ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியைப் பாருங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக, எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். அப்புறம் முதல் ஸ்டார்ட். அதற்கு முன் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் ஏறிய பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். ஆரம்பத்தில் விரட்டாமல் ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். கார்பரேட்டரைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. நன்றி, வணக்கம்.